முதல் படகு, பழைய படகு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, மீன் பிடிக்கவும் விடுமுறையில் குடும்பத்தோடு சுற்றிவரவும் ஒரு படகு வாங்க ஆசை. 17 அடி ஃபைபர் படகு ஒன்று 60 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து விலைக்கு வந்திருக்கிறது. 18 வருடம் பழையது. ஆனால் பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, இருக்கைகளுக்குப் புது உறை போட்டிருக்கிறார்கள். எனக்குப் படகு பற்றி ஒன்றும் தெரியாது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தம்பி, பெயின்ட்டையும் உறையையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். 18 வருடம் என்றதும் தயங்கவும் வேண்டாம். ஒழுங்காகச் செய்த ஃபைபர் உடல் அதைப்போல் இரண்டு மடங்கு காலம் உழைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபைபர் அழுகாது. அதற்குள் வைத்து மூடிய மரம்தான் அழுகும். அந்த வயதுப் படகுகள் பலவற்றில் அவுட்போர்டை, அதாவது படகுக்கு வெளியே பின்னால் தொங்கும் மோட்டாரைத் தாங்கும் பின்சுவருக்குள் ப்ளைவுட் இருக்கும். தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகளிலும் மரம் இருக்கும். யாரோ ஒருவர் மீன் காட்டும் கருவியின் சென்சாரை மாட்டுவதற்காகப் பின்சுவரில் நான்கு ஓட்டை போட்டு, சீலன்ட் வைக்காமல் திருகியிருப்பார். அந்த வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆகவே முதலில் பின்சுவரிடம் போங்கள். மோட்டாரை மேலே தூக்கி நிறுத்தச் சொல்லி, அதன் அடிப்பகுதியைப் பிடித்து உங்கள் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அழுத்துங்கள், விடுங்கள். அப்போது உங்கள் கண் மோட்டார் மேல் இருக்கக் கூடாது. பின்சுவர் மேல் இருக்க வேண்டும். சுவர் வளையக் கூடாது, மூலைகளில் விரிசல் திறந்து மூடக் கூடாது. மோட்டாரைப் பிணைத்திருக்கும் போல்ட்டுகளின் வாஷர்கள் ஃபைபருக்குள் அமுங்கிக் குழி விழுந்திருந்தால், உள்ளே மரம் மென்மையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். மேல் மூலையில் தொடங்கி, ஒரு சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே கீழே வடிகால் துளை வரை வாருங்கள். மரம் காய்ந்திருக்கும் இடத்தில் ஒலி கணீரென்று வரும். ஊறிப்போன இடத்தில் 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். வடிகால் துளையைச் சுற்றியும் திருகு போட்ட இடங்களைச் சுற்றியும் மெதுவாகத் தட்டுங்கள். அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒலி மாறுகிற இடம் வந்தால், அங்கே இருக்கும் ஒரு சிறு திருகைக் கழற்றிக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள். திருகோடு பழுப்புத் தண்ணீர் வந்தாலோ, அதன் மரையில் ஈர மரத்தூள் ஒட்டி வந்தாலோ அந்தப் படகை விட்டுவிடுங்கள். பின்சுவரை மாற்றுவதென்றால் மோட்டாரை இறக்கி, ஃபைபர் தோலை வெட்டி, மரத்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். முதல் படகு வாங்குபவர் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டிய வேலை இல்லை அது.

அடுத்தது தரை. காலணியைக் கழற்றிவிட்டு, குதிகாலை ஊன்றி எல்லா இடத்திலும் நடந்து பாருங்கள். எங்காவது அமுங்கினால் அங்கே மரம் போய்விட்டது. தரைக்கு அடியில் மிதவைக்காக நுரை அடைத்திருப்பார்கள். அந்த நுரை நீர் குடித்துவிட்டால் படகு ஒவ்வொரு பயணத்திலும் அந்த எடையைச் சுமந்துகொண்டுதான் ஓடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ட்ரெய்லரோடு எடைமேடையில் ஏற்றுங்கள். ட்ரெய்லர், மோட்டார், பேட்டரி, எரிபொருள் ஆகியவற்றின் எடையைக் கழித்துவிட்டு, தயாரிப்பாளர் கொடுத்த வெற்றுப் படகின் எடையோடு ஒப்பிடுங்கள். 100 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 74 கிலோ வரும். எல்லாம் கழித்த பிறகும் 150, 200 கிலோ அதிகமாக நின்றால், அது பெரும்பாலும் தண்ணீர்.

புது உறையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உறையைத் தூக்கி, இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்சுவரில் கிடைமட்டமாக ஒரு கறைக்கோடு ஓடுகிறதா? அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் திருகுகள் மட்டும் துருப்பிடித்திருக்கின்றனவா? அப்படியானால் படகு ஒருமுறை அந்த மட்டம் வரை மூழ்கியிருக்கிறது. படகின் அடிவயிற்றில், யாரும் பார்க்காத இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். அழுக்காக, ஆனால் காய்ந்து கிடக்கும் அடிவயிறு எனக்கு அதைவிட நம்பிக்கை தரும்.

கேள்வி: நான் போய் நின்றதும் விற்பவர் சாவியைத் திருப்பினார், மோட்டார் உடனே ஸ்டார்ட் ஆனது. 12 வருடப் பழைய மோட்டார், ஓடிய நேரம் வெறும் 140 மணிதான். அதிகம் ஓடாதது நல்லதுதானே?

பதில்: ஸ்டார்ட் செய்வதற்கு முன் மோட்டாரின் மூடியைக் கழற்றித் தொட்டுப் பார்த்தீர்களா? சூடாக இருந்திருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார். மோட்டாரின் குறை பெரும்பாலும் குளிர்ந்த நிலையில் முதல்முறை கிளப்பும்போதுதான் வெளியே வரும். மறுபடி ஒரு நாள், முன்கூட்டித் தொடாமல் வைத்திருக்கச் சொல்லிப் போய்ப் பாருங்கள்.

140 மணியை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 12 வருடத்தில் 140 மணி என்றால் வருடத்துக்கு 12 மணி நேரம்கூட ஓடவில்லை. சும்மா கிடந்த மோட்டாருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும், ரப்பர் சீல்கள் காய்ந்திருக்கும், குளிர்விக்கும் நீரை இழுக்கும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் ஒரே நிலையில் மடங்கி விறைத்திருக்கும். அவுட்போர்டுக்குப் பொதுவாக 100 மணி அல்லது ஒரு வருடம், இதில் எது முந்துகிறதோ அதற்கு ஒரு சர்வீஸ் உண்டு. ஆகவே மணிக்கணக்கைக் கேட்பதைவிட, கடைசியாக இம்பெல்லரும் கியர் ஆயிலும் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு, பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வருடம் தவறாமல் சர்வீஸ் செய்து 900 மணி ஓடிய மோட்டாரும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நான் 900 மணி ஓடியதைத்தான் எடுப்பேன். இன்னொன்று, தனி மீட்டரை மாற்றிவிட முடியும். பிற்காலத்து ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றில் எந்த வேகத்தில் எத்தனை மணி ஓடியது என்பதை மோட்டாரின் கணினியே சேர்த்து வைத்திருக்கும். அந்தக் கம்பெனி மெக்கானிக்கிடம் சொன்னால் படித்துச் சொல்வார்.

கியர் ஆயிலை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ப்ரொப்பெல்லருக்கு முன்னால், கியர் பெட்டியின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். மோட்டார் இரவு முழுக்க நேராக நின்ற பிறகு, காலையில் அந்தத் திருகை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, வரும் முதல் சில துளிகளை வெள்ளைத் துணியில் வாங்குங்கள். எண்ணெயைவிட நீர் கனமானது, அதனால் உள்ளே நீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். எண்ணெய் பால் கலந்த நிறத்தில் வந்தாலும் சீல் வழியாக நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். திருகின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் மையைப் போன்ற நுண்ணிய இரும்புப் பொடி ஒட்டியிருக்கும், அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் அளவுக்குச் சில்லுகள் இருந்தால் கியர் உடைந்துகொண்டிருக்கிறது.

மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாச் சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் உள்ளே ஏற்றும் காற்றழுத்தம், எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பது மோட்டாருக்கு மோட்டார் மாறும். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, அதைத்தான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்தும் தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கரையில் ஹோஸ் மாட்டி ஓடுகிற மோட்டாருக்குச் சுமையே இல்லை, அது எல்லாருக்கும் நன்றாகத்தான் ஓடும். தண்ணீரில் முழு வேகம் கொடுத்து, மோட்டார் எத்தனை ஆர்.பி.எம். தொடுகிறது என்று பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் பல 5,000 முதல் 6,000 வரை போக வேண்டியவை. உங்கள் மாடலுக்கான எல்லை கையேட்டில் இருக்கும். அதைத் தொடவில்லை என்றால் ப்ரொப்பெல்லர் பொருந்தவில்லை, அல்லது மோட்டார் தளர்ந்திருக்கிறது, அல்லது படகு தண்ணீர் குடித்துக் கனத்திருக்கிறது. ஓடும்போது மோட்டாரின் பக்கவாட்டில் சிறு நீர்த்தாரை விடாமல் பீய்ச்ச வேண்டும். பத்து இருபது நிமிடம் ஓட்டிவிட்டு அணைத்து, உடனே மறுபடி கிளப்புங்கள். சூட்டில் கிளம்ப மறுக்கும் மோட்டார் நடுத்தண்ணீரில் உங்களை நிறுத்திவைக்கும்.

கேள்வி: அருமையான படகு, பாதி விலைக்குத் தருகிறார். பதிவுப் பத்திரம் தொலைந்துவிட்டதாம், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்.

பதில்: அந்தப் பத்திரத்தை அவர் எடுத்து உங்கள் கையில் கொடுத்த பிறகு விலை பேசலாம். தொலைந்தது உண்மை என்றால் நகல் வாங்க வேண்டியவர் பதிவில் பெயர் உள்ள உரிமையாளர்தான். உங்களால் அது எளிதில் முடியாது. படகின் பின்சுவரில், முன்னோக்கி நின்றால் வலது பக்க மேல் மூலையில், உடல் எண் பொறித்திருக்கும். அமெரிக்க முறையில் 12 எழுத்தும் எண்ணுமாக இருக்கும், அங்கே 1972 நவம்பரிலிருந்து இது கட்டாயம். நாட்டுக் குறியீடும் சேரும் சர்வதேச முறையில் 14. அந்த எண்ணைப் பத்திரத்தில் உள்ளதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சுரண்டிய தடம் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மோட்டாருக்கும் ட்ரெய்லருக்கும் தனித்தனி எண் உண்டு, அவற்றையும் பாருங்கள். படகின் மேல் கடன் நிற்கிறதா என்பதைப் பதிவு அலுவலகத்திலோ கடன் கொடுத்தவரிடமோ உறுதி செய்யுங்கள். பல இடங்களில் கடன் உரிமையாளரோடு போகாது, படகோடு வரும்.

கேள்வி: எனக்கு மோட்டார் சத்தமே பிடிக்காது. 1980-களில் செய்த 26 அடி பாய்மரப் படகு ஒன்று பார்த்தேன். அடியில் அங்கங்கே கொப்புளம் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: கொப்புளத்தைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறார்கள். நீண்ட காலம் தண்ணீரிலேயே கிடந்த ஃபைபரில் நீர் மெல்ல ஊடுருவுவதால் வருவது அது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறிதாக இருந்தால் விலையைக் குறைக்கக் கேட்க ஒரு காரணம், அவ்வளவுதான். அந்தப் படகில் நான் முதலில் பார்ப்பது படகு கவிழாமல் இருக்க அடியில் தொங்கும் ஈயம் அல்லது இரும்பு ஏராவும் (கீல்) உடலும் சேரும் இடத்தை. அங்கே சுற்றிலும் விரிசல் ஓடி, துருநீர் வடிந்திருந்தால் படகு எப்போதோ பாறையில் இடித்திருக்கலாம், அல்லது ஏராவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அரித்திருக்கலாம். உள்ளே தரைப் பலகையைத் தூக்கி அந்த போல்ட்டுகளின் தலைகளையும், அவற்றைச் சுற்றியுள்ள குறுக்குத் தாங்கிகளில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிறகு பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் ஸ்டீல் கம்பி வடங்கள். அவற்றைக் கடைசியாக மாற்றிய வருடத்தைக் கேளுங்கள். 10 முதல் 15 வருடம் ஆனவற்றை மாற்றச் சொல்லும் இன்ஷூரன்ஸ்காரர்கள் உண்டு. கையால் தடவாதீர்கள், ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பிடித்து இழுங்கள். அறுந்த இழை இருந்தால் பேப்பர் மாட்டிக் கிழியும். வடங்கள் படகோடு சேரும் உலோகப் பட்டைகளைச் சுற்றித் தளத்தில் நீர் கசிந்த கறை இருந்தால் உள்ளே மரமும் ஊறியிருக்கும். முழுசாக வடம் மாற்றுவது, புதுப் பாய் தைப்பது, உள் இன்ஜினைப் பிரிப்பது, இந்த மூன்றில் ஒன்று தேவைப்பட்டால் பரவாயில்லை. மூன்றுமே தேவை என்றால் படகைச் சும்மா கொடுத்தாலும் அது விலை அதிகமான படகு.

வேகத்தை எதிர்பார்த்து வாங்காதீர்கள். இந்த வகைப் படகின் உச்ச வேகத்தை, நீர்மட்டத்தில் அதன் நீளம் எத்தனை அடியோ அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கிக் கணக்கிடுவார்கள். நீர்மட்ட நீளம் 22 அடி என்று வைத்தால் 6.3 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வரும். அந்த வேகத்தில் போவதில் இருக்கும் அமைதியை அனுபவித்தவர்கள் திரும்பி மோட்டார் படகுக்கு வருவது அரிது.

கேள்வி: பழைய மரப் படகு ஒன்றைக் கண்டதும் மனசு போய்விட்டது. புதியவர்கள் மரப் படகு வாங்கக் கூடாது என்று எல்லாரும் தடுக்கிறார்கள்.

பதில்: உளியும் இழைப்புளியும் பிடிக்கத் தெரிந்தவர் நீங்கள் என்றால், நிழலில் நிறுத்த இடமும் இருந்தால், வாங்குங்கள். இல்லையென்றால் ஓட்டுகிற நாளைவிடச் சரிசெய்கிற நாள்தான் அதிகம் இருக்கும். பார்க்கப் போகும்போது மழைநீர் தேங்கும் மூலைகளைக் கூர்மையான முனையால் மெல்லக் குத்திப் பாருங்கள். கடல்நீரைவிட மழைநீர்தான் மரத்தை அழுகவைக்கும்.

கேள்வி: நானே எல்லாம் பார்த்துவிட்டேன். இதற்கு மேல் படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர் ஒருவருக்கும் காசு கொடுக்க வேண்டுமா?

பதில்: ட்ரெய்லரில் வரும் சின்னப் படகுக்கு நல்ல மெக்கானிக் ஒருவர் போதும். படகுக்குள் கேபின் இருக்கிறது, இன்ஜின் உள்ளே இருக்கிறது, தண்ணீரிலேயே கட்டிவைக்கப் போகிறீர்கள் என்றால் சர்வேயர் இல்லாமல் வாங்காதீர்கள். விற்பவர் சிபாரிசு செய்கிற சர்வேயர் வேண்டாம், நீங்களே தேடிப் பிடியுங்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே உடலைத் துளைத்து வைத்திருக்கும் ஒவ்வொரு வால்வையும் அவர் திறந்து மூடிக் காட்ட வேண்டும். இறுகிப்போய்த் திரும்பாத வால்வு, குழாய் வெடிக்கும் நாளில் உதவாது. முன்பணம் கொடுக்கும்போதே, சர்வேயும் தண்ணீர் ஓட்டமும் திருப்தி தந்தால்தான் வாங்குவேன், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் படகின் விலையில் போட்டுவிடாதீர்கள். இன்ஷூரன்ஸ், நிறுத்துமிடம், சர்வீஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்பது படகுக்காரர்கள் பொதுவாகப் போடும் கணக்கு. பழைய படகில் முதல் வருடம் அதையும் தாண்டும். பேட்டரி, எரிபொருள் ஹோஸ், அடித்தண்ணீரை வெளியேற்றும் பம்ப், ட்ரெய்லரின் பேரிங், டயர் இவற்றை வாங்கின உடனேயே மாற்றிவிடச் சொல்வேன். படகு தண்ணீரில் பழுதாவதைவிட, போகிற வழியில் பேரிங் எரிந்து ட்ரெய்லர் நடுரோட்டில் நிற்பதுதான் அதிகம் நடக்கிறது.

கேள்வி: என் கணவர் பழைய படகு ஒன்றைப் பேசி முடித்துவிட்டார். ஆறு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். எனக்கு உள்ளூரப் பயமாக இருக்கிறது. அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. அதை அடக்கிக்கொள்ளாதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள். பிள்ளைகளின் எடைக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. பெரியவர்களுடையதைப் போட்டுவிட்டால் தண்ணீரில் அது மேலே ஏறி, பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். மாட்டிவிட்டு, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதைத் தாண்டி ஏறக் கூடாது, கால்களுக்கு இடையில் வாரும் இருக்க வேண்டும். படகில் ஏறும் முன்பே போட்டுவிட்டு, இறங்கிய பிறகுதான் கழற்ற வேண்டும்.

ஓட்டுபவர் விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் கயிறு, அதை உங்கள் கணவர் ஒவ்வொரு முறையும் தன்மேல் மாட்டிக்கொள்ள வேண்டும். விற்கும்போது அது தொலைந்துபோயிருப்பது சகஜம், புதிது வாங்கி, இழுத்தால் மோட்டார் நிற்கிறதா என்று சோதியுங்கள். எத்தனை பேர், எத்தனை கிலோ ஏற்றலாம் என்று பெரும்பாலான சிறு படகுகளில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அது அமைதியான தண்ணீருக்கான எல்லை, அலை இருக்கும் நாளில் அதிலும் குறைவாகத்தான் ஏற்ற வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தங்கும். இன்ஜின் உள்ளே இருக்கும் படகு என்றால் எரிபொருள் நிரப்பிய பிறகு காற்றை வெளியேற்றும் விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, மூடியைத் திறந்து மோந்து பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். இன்ஜின் ஓடும்போது பிள்ளைகளைப் படகின் பின்பக்கப் படியில் உட்காரவோ அதைப் பிடித்து நீந்தவோ விடாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதல் சில பயணங்களுக்குப் பிள்ளைகள் கரையிலேயே இருக்கட்டும். அவர் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும், முடிந்தால் நீங்களும் சேருங்கள். அவருக்கு ஏதாவது ஆனால் படகைக் கரைசேர்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

கேள்வி: ஒரே விலைக்கு இரண்டு படகு வந்திருக்கின்றன. ஒன்று 14 அடி அலுமினியம், 20 குதிரைத்திறன் அவுட்போர்டு. இன்னொன்று 22 அடி, கேபின் உண்டு, இன்ஜின் உள்ளே. கடல்நீரில் ஓடியது. பெரியதைத்தானே வாங்க வேண்டும்?

பதில்: சின்னதை வாங்குங்கள். அந்த 22 அடிப் படகு ஏன் சின்னப் படகின் விலைக்கு வருகிறது என்று யோசியுங்கள். கடல்நீரில் குளிரும் உள் இன்ஜினில், புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு உள்ளிருந்து அரிக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டிய பாகம் அது, விட்டால் நீர் சிலிண்டருக்குள் இறங்கும். இன்ஜின் உள்ளேயும் ப்ரொப்பெல்லர் பகுதி வெளியேயுமாக இருக்கும் வகை என்றால், பின்சுவரின் துளையை மூடும் ரப்பர் உறை கிழிந்தாலே படகு கட்டிய இடத்தில் மூழ்கலாம்.

14 அடி அலுமினியத்தில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். ட்ரெய்லரில் நிற்கும்போது உள்ளே சில வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு அடியில் குனிந்து பாருங்கள். எந்த ரிவெட் கசிகிறது என்று தானாகவே தெரியும். ஒன்றிரண்டு கசிந்தால் இறுக்கிக்கொள்ளலாம். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். செம்பு கலந்த மருந்தேற்றிய ப்ளைவுட் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தால், உலோகம் குழி குழியாக அரித்திருக்கும். அது இல்லையென்றால், மோட்டாரும் தண்ணீரில் சரியாக ஓடினால், எடுத்துக்கொள்ளலாம். இரண்டு சீசன் ஓட்டுங்கள். உங்களுக்கு வேண்டியது மீனா, வேகமா, இரவு தங்கும் கேபினா என்பது அதற்குள் தெரிந்துவிடும். நன்றாக வைத்திருந்த சின்ன அலுமினியப் படகு பெரும்பாலும் வாங்கின விலைக்குப் பக்கத்திலேயே விற்றும் போகும்.